வீங்கிய காலுக்கு மெல்லிய கை
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கால் வீங்கினால் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். உடல்வலிக்கு அது ஆறுதல் தரலாம். ஆனால், நிணநீர் தேங்கியதால் உண்டாகும் வீக்கத்திற்கு அது பொருந்தாது. அதற்கென உள்ள மென்மையான உருவல் முறையைப் பற்றியே இன்று நாம் பேசுகிறோம்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரின் ஒரு பகுதியை மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். கொசுவினால் பரவும் யானைக்கால் நோய்ப் புழுக்கள் இக்குழாய்களைப் பழுதாக்கும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணக்கணுக்களை அகற்றியோருக்கும் கை வீங்குவதுண்டு. இத்தகைய வீக்கத்திற்குப் பயன்படும் உருவலை, டென்மார்க் நாட்டவரான எமில் வோடர் வகுத்து, 1936-இல் பாரிஸ் நகரில் அறிமுகப்படுத்தினார்.

சிகிச்சைக்குச் செல்வோர் எதனை எதிர்பார்க்கலாம்? முதலில் உங்கள் நோய் வரலாற்றைக் கேட்பார்கள். வீக்கத்தை நாடாவால் அளப்பார்கள். வீங்கியது காலாயினும், கழுத்தருகிலும் வயிற்றிலும் தொடங்கலாம். இதில் வியப்பில்லை. அடைபட்ட கானைத் துப்புரவு செய்யும்போது, நீர் வெளியேறும் வாயை முதலில் திறக்கிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும்.

கை தோலை மட்டுமே மெதுவாக நகர்த்தும். 'இவ்வளவு மெல்லத் தொட்டால் என்ன பயன்?' என்று எண்ணாதீர்கள். பால் பட்டையில் இருக்கிறது. கத்தி ஆழப் பாய்ந்தால் மரந்தான் காயப்படும். இதனை நீங்கள் நன்கறிவீர்கள். தோலை ஒட்டிய நிணநீர்க் குழாய்களும் அவ்வாறே மென்மையானவை. ஆகவே, வலி உண்டானால் உடனே சொல்லுங்கள்.

உருவல் பெரும்பாலும் அரைமணி முதல் ஒருமணி நேரம் நீடிக்கும். பின்னர், தேவைப்படின் அழுத்தக் கட்டுப் போடுவார்கள். ஒரே நாளில் வீக்கம் மறையாது. உருவல் நோயை அடியோடு அகற்றுவதுமில்லை. கட்டு, எளிய பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே அது பயன்தரும்.

எப்போது உருவக்கூடாது? கால் சிவந்து, சூடேறி, காய்ச்சல் வந்தால் உருவலை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம்; அதனைத் தொட்டுப் பிசைவது உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறினால் ஒருகணமும் தாமதிக்காதீர்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இச்சிகிச்சையை மேற்கொள்ளலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவையும் உள. வீங்கிய காலை நாள்தோறும் சவர்க்காரமிட்டுத் தூய நீரால் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெடிப்பையும் சிறு புண்ணையும் கவனியாது விடாதீர்கள். கிருமி அவ்வழியே நுழைந்து, காய்ச்சலையும் மேலும் வீக்கத்தையும் தரும். அமரும்போது காலை உயர்த்தி வையுங்கள். கணுக்காலை அசைத்துப் பழகுங்கள். தசை அசையும்போது நிணநீரும் நகர்கிறது. வேலைக்குச் செல்கையில் காலணி அணியுங்கள்.

தோழர்களே, வீங்கிய காலைக் கைலிக்குள் மறைத்து வீட்டிலேயே முடங்குவதால் நோய்தான் வளரும். அது வெட்கத்திற்குரியதன்று, தொட்டால் ஒட்டிக்கொள்வதுமன்று. உங்கள் வரிசை வீடுகளில் அவ்வாறு ஒருவர் ஒதுங்கியிருந்தால், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலம் தாழ்த்தாது காட்டினால், வீக்கம் முற்றுவதைத் தடுக்கலாம்.