அமுக்கமானி முள்ளை நம்பலாமா?



அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தபின், பலர் இல்லத்திலேயே பியர் தயாரித்து உருக்குப் பீப்பாயில் அடைக்கின்றனர். குடியை நான் ஆதரிப்பவனல்லன். வாயுவின் இயல்பே என் பொருள்.

நேற்றுவரை நிறைவு காட்டிய சிலிண்டர் முள் இன்று திடீரெனச் சரியும். பானமும் சொட்டுச் சொட்டாக வரும். காரணம் யாது? காபனீரொட்சைட்டு உள்ளே திரவமாய்ச் சிறிதளவு எஞ்சினும், 20 பாகை செல்சியசில் முள் ஏறத்தாழ 56 வளிமண்டல அமுக்கத்திலேயே நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தாலோ வாயு குறையாமலே முள் இறங்கும். ஆகவே நிறுத்துத்தான் அறிதல் வேண்டும். வெற்றெடை சிலிண்டரின் தோளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பானம் எடுக்காமலே எடை குறைகின்றதா? இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். பீப்பாய் மூடியின் இறப்பர் வளையத்தை முதலிற் பாருங்கள். ஆயினும் அதற்குமுன் கதவு, சாளரங்களைத் திறந்துவிடுங்கள். இவ்வாயு காற்றினும் கனமானது, மணமற்றது, நிலவறையிலே தேங்கி மனிதரைக் கொன்றுவிடும்.