பூந்தொட்டியில் ஒரு சிறு பூச்சி



ஒரகடத்தில் என் தங்கை குடியிருக்கிறாள். அவள் கணவர் அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் முறைமாற்றி வேலை பார்ப்பவர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த அப்பகுதியில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன. மாடியில் குடியிருப்பவர்க்குச் சொந்த மண் என்பது பூந்தொட்டிக்குள் இருப்பதுதான். சத்தியமங்கலத்திலிருந்து எங்கள் தாயார் கொடுத்தனுப்பிய பத்து நிலச்சம்பங்கிக் கிழங்குகளை அவள் ஐந்து தொட்டிகளில் நட்டு வளர்த்து வந்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அவள் தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, தொட்டியைத் தொட்டாலே கறுப்பாகச் சிறு கொசுக்கள் எழும்புகின்றன. டெங்குக் கொசுவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டாம், தூக்கி எறிந்துவிடு என்கிறார் அவர். அம்மா கொடுத்த கிழங்கு, எறிய மனம் வரவில்லை” என்றாள். நான் நேரில் சென்று பார்த்தேன்.

அவை டெங்குக் கொசுக்கள் அல்ல. பூஞ்சைக் கொசு என்று சொல்லத்தக்க ஒருவகைச் சிற்றீக்கள். காளான் வளர்ப்போர் இக்குடும்பத்து ஈக்களை நன்கு அறிவர். இவை மனிதரைக் கடிப்பதில்லை; நமக்கு நோயைப் பரப்புவதும் இல்லை. ஆனால் செடிக்குத் தீங்கு செய்யும். பறக்கும் ஈயன்று, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுவே தீங்கிழைப்பது. கருந்தலையும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட அப்புழு, மேல்மண்ணில் இரண்டு அங்குல ஆழத்திற்குள் வாழ்ந்து, பூஞ்சையையும் மக்கும் பொருள்களையும் உண்கிறது. பெருகிவிட்டால் இளவேர்களையும் கடிக்கிறது. அழுகத் தொடங்கிய கிழங்கினுள்ளும் அது புகும். முட்டை ஈயாவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் ஆகும்.

இப்பூச்சி ஏன் வந்தது? விடியற்காலையில் வேலை முடிந்து வரும் கணவர் தொட்டிக்கு நீர் ஊற்றுகிறார். மாலையில் என் தங்கையும் ஊற்றுகிறாள். ஒருவர் ஊற்றுவது மற்றவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையின் சாரல். தொட்டியடித் தட்டிலும் நீர்த்தேக்கம். மண்ணிலோ ஈரத்தை விடாது பிடித்துவைக்கும் தென்னை நார்க்கழிவு. கிழங்கோ தன் உடலிலேயே நீரையும் உணவையும் சேமித்து வைத்துக்கொள்வது. அதற்குப் பசித்தாலும் பொறுக்கும்; மூச்சு முட்டினால் பொறுக்காது. ஈரம் மிகுந்தது, பூஞ்சை படர்ந்தது, ஈ வந்தது. ஆகவே ஈயை மட்டும் கொல்வதில் பயனில்லை.

நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் தட்டுகளிலிருந்த நீரைக் கொட்டினோம். தொட்டிகளைச் சாரல் படாத, வெயில் விழும் இடத்திற்கு மாற்றினோம். கிழங்குகளைத் தோண்டிப் பார்த்ததில் மூன்று அழுகிக் குழைந்திருந்தன, அவற்றை அகற்றினோம். மற்ற ஏழினையும் மணல் கூடிய புதுமண்ணில் நட்டோம். உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், புழு இருப்பின் அதன் அடியில் கூடியிருக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியருகே நட்டால், பறக்கும் ஈக்கள் வந்து ஒட்டும்.

இவற்றுக்கும் அடங்காவிடில் வேறொரு துணை உண்டு. 1976ஆம் ஆண்டில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பேசில்லஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கொசுப்புழுவை ஒழிக்க இன்று பல நாடுகளில் பயன்படும் இது, பூஞ்சைக் கொசுவின் புழுவையும் கொல்லும். அதன் கரைசலை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் மண்ணில் ஊற்ற வேண்டும். ஒருமுறை ஊற்றி நிறுத்தினால், பின்னர்ப் பொரிக்கும் முட்டைகள் தப்பிவிடும். மக்காத எருவை மண்மேல் இடுவதும், பிண்ணாக்கைத் தூவி நனைப்பதும் பூஞ்சையை வளர்க்கும் செயல்களே.

எல்லாவற்றிலும் எளிய மருந்து ஒன்றுண்டு. நீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். இப்போது என் தங்கை வீட்டில் நீர் ஊற்றுபவர் ஒருவரே. ஊற்றிய நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்.

எஞ்சிய ஏழு கிழங்குகளில் ஒன்று சித்திரையில் தண்டு விட்டது. இரவு வேலை முடித்து வந்த கணவர்தாம் அதன் மணத்தை முதலில் உணர்ந்தாராம். தொட்டியை எறியச் சொன்னவரும் அவரே அன்றோ!