சேற்றுப் பாவாடையும் நனைந்த சட்டையும்

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



டெலிவிஷன் காதல் நாடகத்தைப் பற்றிச் சுயமரியாதைக்காரனுக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நான் பேச வந்தது காதலையல்ல. உடையையும், அவ்வுடைக்குள் ஒளிந்திருக்கும் அந்தஸ்தையும் பற்றியேயாகும்.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813-ல் வெளியிட்ட "பிரைடு அண்டு பிரெஜுடிஸ்" என்னும் நாவலை, 1995-ல் பி.பி.சி.யார் 6 பகுதிகள் கொண்ட நாடகமாக்கிக் காட்டினார்கள். அதில் பென்னட் என்பவருக்குப் பெண்கள் 5 பேர். ஆண் பிள்ளை இல்லை. ஆகவே அவருக்குப் பின் பூமி முழுதும் தூரத்து ஆண் உறவினனுக்குப் போய்விடும். பெற்ற பெண்களோ நல்ல கவுனை உடுத்தி, நடன சபையில் பணக்கார மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டும். இதுதான் அவர்களுக்கு விதித்த "தர்மம்"!

இரண்டாவது பெண் எலிசபெத், நோயுற்ற அக்காளைப் பார்க்க 3 மைல் வயல் வழியே நடந்து போகிறாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. அவ்வீட்டுச் சீமாட்டிகள் அக்காளிடம் அவளுக்கிருந்த அன்பைப் பார்க்கவில்லை. சேற்றையே பார்த்துச் சிரித்தார்கள்.

ஆண்டுக்கு 10,000 பவுன் வரும்படியுள்ள டார்சி, கழுத்துப் பட்டியும் கோட்டுமாக வந்து, "உன்னைக் காதலிக்கிறேன், ஆனால் உன் குடும்பம் தாழ்ந்தது" என்கிற பாவனையில் கல்யாணம் பேசுகிறார். நாளைக்குக் கதியென்ன என்று தெரியாத அந்தப் பெண் "முடியாது" என்று சொல்லிவிட்டாள். தோழர்களே! சுயமரியாதை என்பது இதுதான்.

பிறகு ஒரு நாள் டார்சி கோட்டைக் கழற்றிவிட்டுக் குளத்தில் குதித்து, ஈரச் சட்டையோடு வரும்போது எலிசபெத் எதிரில் நிற்கிறாள். பிரபுவுக்குப் பேச்சு வரவில்லை. "பெற்றோர் சௌக்கியமா?" என்று கேட்டதையே மறுபடியும் கேட்கிறார். நாவலில் சந்திப்பு உண்டு. குளமும் ஈரச் சட்டையும் நாடகக்காரர் சேர்த்தவை. அந்தஸ்தின் உடை போனதும் அங்கே நிற்பது வெறும் மனிதன். பார்ப்பவர் நெஞ்சு படபடப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? 2013-ல் லண்டன் ஹைடு பார்க் ஏரியில், ஈரச் சட்டை டார்சிக்கு 12 அடிச் சிலையே வைத்துவிட்டார்கள்! டெலிவிஷன் விளம்பரத்திற்காக வைத்த சிலை அது. சேறுபட்ட பாவாடைக்கு அங்கே யார் சிலை வைத்தார்கள்?

சீமைக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பிதிரார்ஜித சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் நம் மாகாணத்தில் வர 1989 ஆயிற்று. சட்டம் வந்தும், பட்டுச் சேலையும் நகையும் போட்டனுப்பி, "உன் பங்கு தீர்ந்தது" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற அண்ணன் தம்பிகள் நம்மிடையே இல்லையா?

பெண்ணுக்கு உடை கொடுத்தது போதும், உரிமையைக் கொடுங்கள். பிறகு அவள் காதலிப்பதும் மறுப்பதும் அவள் இஷ்டம். இதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள்.