கண்ணாடியில் அகச்சான்றும் புறச்சான்றும்



பழஞ்சுவடி ஒன்றின் காலத்தைத் துணிய அகச்சான்று, புறச்சான்று என இரண்டையும் ஆராய்வது தமிழாய்வாளர் மரபு. அம்மரபு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. 'பேப்பர்வெயிட்' என்று யாவரும் வழங்கும் கண்ணாடித் தாளழுத்திக்கும் அது பொருந்தும். பழம்பொருள் கடைக்குக் கைமாறி வரும் அச்சிறு உருண்டை, படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு நூலேயாகும்.

வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ பிகாலியா 1845-இல் வியன்னா கண்காட்சியில் தாளழுத்திகளை வைத்தார். பிரான்சின் பக்காரா, சேன் லூயி, கிளிஷி ஆகிய மூன்று பட்டறைகளும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இக்கலையை அதன் உச்சிக்குக் கொண்டுசென்றன. வண்ணக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சேர்த்துக் காய்ச்சி, இருவர் எதிரெதிரே இழுத்து நடந்தால் அது மெல்லிய கோலாக நீளும். உள்ளிருக்கும் பூவோ உருக்குலையாமல் சிறுக்கும். அக்கோலை வில்லைகளாக நறுக்கி அடுக்கி, தெளிந்த கண்ணாடிக் குழம்பைக் கவித்துக் குவிமாடமாக்குவர். இவ்வகைக்கு 'மில்லெஃபியோரி' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'ஆயிரம் பூக்கள்' என்பது அதன் பொருள்.

முதலில் அகச்சான்று. பக்காராவின் சில உருண்டைகளில் பூக்களிடையே 'பி' என்னும் ரோமானிய எழுத்தும், 1846 முதல் 1849 வரையிலான ஓர் ஆண்டும் ஒளிந்திருக்கும். ஆயினும் பொறித்த ஆண்டையே முழுதும் நம்பலாகாது. ஏட்டில் இடைச்செருகல் உண்டெனில், கண்ணாடியிலும் பொய்யாண்டு உண்டு. பலவற்றில் பெயரும் ஆண்டும் இருப்பதே இல்லை. அங்கே செய்தவரின் கைநடையே பெயராகிறது. செம்புலப்பெயனீரார் போன்ற புலவர்க்குப் பாடலின் தொடரே பெயரானது போல, கிளிஷியை அதன் சிறு ரோஜா அடையாளம் காட்டும். எனினும் ஒத்த ரோஜாவைப் பிறரும் செய்துள்ளமையால் அப்பூ ஒன்றே போதாது.

ஆதலின் புறச்சான்று வேண்டப்படுகிறது. பிரெஞ்சுக் கண்ணாடியில் ஈயம் கலந்திருத்தலால் கையில் கனக்கும். 1930-களில் சீனாவில் செய்யப்பட்ட போலிகளில் அக்கனமும் தெளிவும் இல்லை. பின்னர் உருண்டையைத் திருப்பி அடியை நோக்க வேண்டும். நூறாண்டு மேசைமீது நகர்ந்ததாயின், மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும் நுண்கீறல்கள் பல திசையிலும் ஓடும். உப்புத்தாளால் தேய்த்து உண்டாக்கிய பழமையிலோ அவை ஒரே போக்கில் அமையும். குழிந்த நடுப்பகுதியிலும் கீறல் மிகுந்திருந்தால் ஐயுறுதல் தகும்.

புறச்சான்றின் வலிமைக்கு ஒரு நிகழ்ச்சி போதும். பக்காரா ஊரில் போரில் சிதைந்த தேவாலயத்தின் அடிக்கல்லினுள் 1853 என்று பொறித்த தாளழுத்தி ஒன்று 1951-இல் கிடைத்தது. ஏறத்தாழ நூறாண்டு மூடிக் கிடந்த கல்லே அதற்குச் சாட்சியாயிற்று.

இத்தகைய சாட்சியங்களை அழிப்பது மெருகு. ஆழ்ந்த சிதைவைத் தேர்ந்த கைவினைஞர் மெருகிட்டு நீக்குவதில் குற்றமில்லை. பளபளப்பை விரும்பி மீண்டும் மீண்டும் தேய்த்தால் குவிமாடம் தாழும். உள்ளிருக்கும் பூக்களின் தோற்றமும் மாறும். காலம் எழுதிய கீறல்கள் மறையும். கல்வெட்டைச் சுத்தி செய்ய முனைந்து எழுத்தைச் செதுக்கி எறிவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' நாவலில், வரலாற்றை நாள்தோறும் திருத்தி எழுதும் ஆட்சியின் கீழ் வாழும் வின்ஸ்டன், பழம்பொருள் கடையில் பவளம் பதித்த கண்ணாடித் தாளழுத்தியை வாங்குகிறான். திருத்தப்படாமல் தப்பிய கடந்த காலமாகவே அதனை அவன் மதிக்கிறான். அவன் பிடிபடும் வேளையில் காவலர் அதனை உடைத்தெறிகின்றனர்.

ஒரு சொல்லின் பழைய வடிவைக் காக்கப் பாடவேறுபாடுகளை எண்ணிப் பார்ப்பவர் புலவர். அவர் கையில் இத்தகைய உருண்டை கிட்டுமாயின், விலைச்சீட்டுக்கு முன்பாக அதன் அடியைப் படிப்பாராக. அங்குள்ள கீறல்களைத் துடைத்தழிக்காது, அடுத்து வருவோரும் படிக்குமாறு விட்டுவைப்பாராக.