ஷட்டில் கோர்ட் தரை: ஜனவரி வரை பொறுப்போம்
(ஜூலைப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

ஷட்டில் கோர்ட் மரத்தரைக்கு இந்த வாரமே புதுக் கோட்டிங் அடித்துவிடலாமே என்று பலர் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து.

தென்மேற்குப் பருவமழையில் பந்தலூரும் தேவாலாவும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொடியில் போட்ட துணியே காயாத நாளில் கோட்டிங் எப்படிக் காயும்? நாம் வாங்கப்போவது தண்ணீர் வகைப் பாலியூரித்தேன். அதிலுள்ள நீர் ஆவியானால்தான் இறுகும். ஈரக்காற்றில் அது மெதுவாகும். பிசுபிசுப்பு போகாது, வெள்ளைப் படலமும் நிற்கலாம். மரமும் இப்போது ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. கோடையில் அது சுருங்கும்போது பலகை இணைப்புகளில் பூச்சு கிழியும்.

உரிகிற இடங்கள் வேறு கதை. பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் மேலே அடித்தால் ஒட்டாது. அதன்மேல் இன்னொரு கோட்டிங் அடித்தால் இரண்டும் சேர்ந்தே உரியும். உறுதியான அடிப்பூச்சு வரும்வரை தேய்க்கத்தான் வேண்டும், செலவானாலும். அங்கங்கே தெரியும் சின்னக் குழிகள் பெரும்பாலும் மெழுகு, எண்ணெய், சிலிக்கான் ஸ்ப்ரே பட்ட இடத்தில் வருபவை. பளபளப்புக்காகத் தயவுசெய்து யாரும் எதையும் தேய்க்காதீர்கள்.

ஜனவரியில், காலைப் பனி விலகிய பிறகு, மூலையில் ஒரு சதுர அடி மட்டும் அடித்துப் பார்ப்போம். நன்றாக இறுகியதும் நாணய விளிம்பால் கீறுவோம். செதிலாகப் பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் மறுபடி தேய்க்கட்டும். பிறகே முழு வேலையும் மீதிப் பணமும். அதுவரை உரிந்த பக்கத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், கால் வழுக்கும்.