உயில் எழுதுதல்: காலத்தே செய்யவேண்டிய கடமை

(ஒன்ராறியோவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உயில் என்றதும் "அபசகுனமான பேச்சு எதற்கு?" என்று நம்மவர் பலர் முகம் சுளிப்பர். உயில் எழுதுவதால் எவருக்கும் ஆயுள் குறைவதில்லை. எழுதாது விடுவதால் எஞ்சியிருப்போரின் துயரமே கூடுகின்றது.

ஒன்ராறியோவில் ஒருவர் உயிலின்றி இறப்பின் அவர் சொத்தைச் சட்டமே பங்கிடும். 2021 மார்ச் 1 முதல் நிகழும் இறப்புகளில் முதல் 350,000 டொலர் மணந்த துணைக்குச் சேரும். மிகுதியில், பிள்ளை ஒன்றாயின் பாதியும், இரண்டு அல்லது அதற்கு மேலாயின் மூன்றிலொரு பங்கும் துணைக்கு, ஏனையது பிள்ளைகளுக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. கணவன் பெயரில் மட்டும் உள்ள வீடும் சேமிப்பும் கடன் நீங்கலாக 800,000 டொலர் எனக் கொள்வோம். மனைவிக்கு 500,000, சிறுவயதுப் பிள்ளைகள் இருவருக்கும் தலா 150,000. பிள்ளைகளின் பணம் பொதுவாக நீதிமன்றத்தில் வைப்பிலிடப்படும். அதற்காகத் தாய் குடியிருக்கும் வீட்டையே விற்கவோ அடைமானம் வைக்கவோ நேரிடலாம். 18 வயது நிரம்பியதும் முழுத்தொகையும் பிள்ளையின் கைக்கு ஒரேமுறையில் வந்துவிடும். உயில் இருந்திருப்பின், நம்பிக்கைக்குரிய ஒருவரை நியமித்து, கல்விக்கு இவ்வளவு, 25 வயதில் இவ்வளவு என வகுத்திருக்கலாம்.

பெற்றோர் இருவரும் ஒருசேர மறைந்தால் பிள்ளைகளை வளர்ப்பவர் யார்? உயிலில் பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு அப்பொறுப்பு உடனே கிடைக்கும். 90 நாட்களுக்குள் அவர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பெயரே இல்லையெனில், மாமாவா சித்தியா என்ற இழுபறியில் நொந்துபோவது குழந்தைகளே.

இளையோரே, மணம் புரியாது சேர்ந்து வாழும் துணைக்கு, உயில் இல்லையேல் இச்சட்டத்தின்கீழ் வாரிசுப் பங்கு எதுவுமில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

உயிலில் கையொப்பமிடுகையில் இரு சாட்சிகள் உடனிருத்தல் வேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சியாகலாகாது. ஆயின் அவருக்குரிய பங்கு செல்லாது போகக்கூடும்.

ஊரிலுள்ள காணியையும் மறவாதீர்கள். அசையாச் சொத்து, அது அமைந்துள்ள நாட்டின் சட்டத்திற்கே உட்பட்டது. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமையும் உண்டு. இலங்கையில் எழுதப்படும் உயிலுக்கு நொத்தாரிசுடன் இரு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் தேவை. கனடிய உயில்களில் "முந்திய உயில்கள் அனைத்தையும் நீக்குகிறேன்" என்ற வாசகம் வழமையாக இடம்பெறும். அது ஊரில் எழுதிய உயிலையும் நீக்கிவிடக்கூடும். ஆகவே இரு நாட்டுச் சட்டத்தரணிகளுக்கும் மற்றைய உயிலைப் பற்றிக் கூறுங்கள்.

உயில் இறப்பிற்குப் பின்னரே செயற்படும். நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் காலத்திற்கு, சொத்துக்கு ஒன்றும் உடற்பராமரிப்புக்கு ஒன்றுமாக இரு அற்றோர்னித் தத்துவங்கள் வேண்டும்.

இன்றிரவே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுங்கள். சொத்து எவை, கடன் எவை, நிறைவேற்றுநர் யார், பிள்ளைகளின் காப்பாளர் யார் என ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளுடன் சட்டத்தரணியிடம் செல்லுங்கள். உயில் இருக்குமிடத்தை வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

பனியிலும் குளிரிலும் இரட்டை வேலை செய்து தேடிய தேட்டம் இது. அது யாரைச் சேரவேண்டும் என்பதை நாமே எழுதிவைப்போம்.