பெயரடையில் ஒருமையும் பன்மையும்



நம் வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இந்நன்னாளில், ஆங்கில இலக்கணத்தின் சிறு கூறொன்றை உங்கள்முன் வைக்க விழைகின்றேன். ஒரு பெயர் மற்றொரு பெயருக்கு அடையாக வருங்கால், ஒருமையில் நிற்குமா, பன்மையில் நிற்குமா என்பதே அது.

ஆங்கிலத்தில் ஒருமையே பெருவழக்கு. ஆயிரம் நூல்களை விற்பினும் அது 'புக் ஷாப்'தான். பற்கள் அனைத்தையும் துலக்குவது 'டூத் பிரஷ்'. என்றும் பன்மையாகவே வழங்கும் 'டிரவுசர்ஸ்' என்னும் சொல்லும், அடையாகும்போது ஈறு கெட்டு, 'டிரவுசர் பாக்கெட்' என வருவதுண்டு. அடையாக நிற்கும் பெயர் எண்ணிக்கையை விடுத்து வகையைச் சுட்டுகிறது. எண்ணுப்பெயர் முன்வரினும் இதுவே நிலை: 'பைவ் இயர் பிளான்'. 1951இல் தொடங்கிய அத்திட்டத்தை நாமும் 'ஐந்தாண்டுத் திட்டம்' என்றே வழங்கினோம்.

விதிவிலக்குகளும் உள. பன்மை வடிவம் தனிப்பொருள் பெற்றவிடத்து அது கெடாது. 'ஆர்ம்' என்பது கை. 'ஆர்ம்ஸ்' என்பது படைக்கலம். ஆதலின் படைக்கலப் போட்டி 'ஆர்ம்ஸ் ரேஸ்' ஆயிற்று. நாம் நன்கறிந்த 'கூட்ஸ்' வண்டியும் இவ்வகையினதே.

தமிழ் இயல்பும் இதற்கு அணித்தே. பூக்கடை, மரக்கிளை என்கிறோம். அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்றலைத் தொல்காப்பியரே கூறியுள்ளார். உயர்திணையில் மட்டும் மகளிர் கல்லூரி, மாணவர் விடுதி எனப் பலர்பால் ஈறு நிலைக்கிறது. அங்கும் 'கள்' பெரும்பாலும் சேர்வதில்லை.

ஆயினும் 'கவிதைகள் தொகுப்பு', 'மலர்கள் கண்காட்சி' என்னும் தொடர்களை அழைப்பிதழ்களில் காண்கிறோம். இவற்றை ஆங்கிலத்தின் தாக்கம் என்று பழிப்பார் உளர். ஆங்கிலமோ 'பிளவர் ஷோ' என்றே சொல்கிறது! பழி அம்மொழியைச் சாராது. நம் தொகைச்சொற்களின் கட்டமைப்பை நாமே நெகிழவிடுகிறோம்.

கவிஞர்க்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. 'மழைத்துளி ஓசை' என்றால் ஓசையின் இயல்பு புலப்படும். 'மழைத்துளிகளின் ஓசை' என்றால் துளிகள் பலவும் தனித்தனியே கண்முன் நிற்கும். இரண்டும் தமிழே, இரண்டும் வேறுவேறு காட்சிகள். பன்மை வேண்டின் வேற்றுமையுருபோடு விரித்துச் சொல்லுங்கள். வகை வேண்டின் தொகையாகச் செறித்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்போரும் இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டால், மூலத்தின் செறிவு தமிழிலும் குன்றாது நிற்கும்.